கணினி மெதுவாகிறது, சூடாகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி மெதுவாக ஓடுகிறது, தொட்டால் சுடுகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது. பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் உதவி கேட்கிறார்கள். பதிலும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது: ஃபார்மட் பண்ணுங்கள், ராம் போடுங்கள், இல்லையென்றால் புதிது வாங்கிவிடுங்கள். எதையும் அளந்து பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. சூடாவது ஒரு கோளாறு, மெதுவாவது இன்னொரு கோளாறு. சில சமயம் முதலாவதால் இரண்டாவது வரும், சில சமயம் இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. எதனால் எது என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும், செலவும் கிடையாது. அதைச் செய்யாமல் கழற்றுவதும் வாங்குவதும் வீண்.

விண்டோஸ் கணினியை வைத்தே அதிகம் எழுதியிருக்கிறேன். மேக், லினக்ஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

என் கணினி சூட்டினால்தான் மெதுவாகிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு முழுக்க அணைத்து வைத்திருந்த கணினியைக் காலையில் போடுங்கள். திரை வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் எந்தக் கணினியும் பரபரப்பாகத்தான் இருக்கும். அப்புறம் வழக்கமான வேலையைத் தொடங்குங்கள். கணினி இன்னும் சூடேறாத அந்த முதல் பத்து நிமிடத்தில் எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். அப்போதே ஆமை வேகம் என்றால் சூட்டின் மேல் பழி போடாதீர்கள். டிஸ்க், ராம், பின்னணியில் ஓடும் புரோகிராம்கள் ஆகியவற்றைப் பாருங்கள். முதலில் நன்றாக ஓடிவிட்டு, அரை மணி நேர வீடியோ அழைப்புக்கோ விளையாட்டுக்கோ பிறகு திணறினால், சூடுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை, அதாவது கணினியின் மூளையான புராசஸரைப் பாருங்கள். அங்கே பயன்பாடு எத்தனை சதவீதம், இப்போதைய வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் எவ்வளவு என்று மூன்றும் இருக்கும். சும்மா இருக்கும்போது வேகம் குறைவாக இருப்பது இயல்பு, மின்சாரத்தை மிச்சப்படுத்த அது தானாகவே இறங்கிக்கொள்ளும். ஆனால் பயன்பாடு 90, 100 என்று நிற்கும்போது வேகம் அடிப்படை வேகத்தைவிடக் கீழே போய்விட்டால், ஏதோ ஒன்று புராசஸரைப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது சூடு. சில நேரம் சார்ஜர், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சூடானால் வேகம் ஏன் குறைய வேண்டும்?

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. புராசஸருக்குள்ளேயே வெப்பநிலையை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. எல்லைக்கு அருகில் போனதும் அது தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் குறைக்கிறது. உண்டாகும் வெப்பம் வேகத்தைப் பொறுத்தும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் மாறுவதால், இரண்டையும் கொஞ்சம் குறைத்தாலே சூடு நிறையக் குறையும். இதற்குத் தெர்மல் த்ராட்லிங் என்று பெயர். வேகத்தைக் குறைத்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால், கடைசி வழியாகக் கணினி சட்டென்று தன்னை அணைத்துக்கொள்ளும்.

ஆகவே த்ராட்லிங் ஒரு நோய் அல்ல, பாதுகாப்பு. அதை மென்பொருள் கொண்டு முடக்கச் சொல்லும் யோசனைகளைத் தயவுசெய்து கேட்காதீர்கள். சூடு ஏன் வெளியேறவில்லை என்று பார்ப்பதுதான் வழி.

எத்தனை டிகிரி வரை இருக்கலாம்?

சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வேலை செய்யும்போது டெஸ்க்டாப் 65 முதல் 85, லேப்டாப் 75 முதல் 95 வரை போகும். மெல்லிய லேப்டாப்கள் கனமான வேலையில் 95ஐத் தொடுவது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. இன்டெல் லேப்டாப் புராசஸர்கள் பலவற்றின் எல்லை 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் புராசஸர்கள் முழு வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதனால் வெறும் உச்ச எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒன்றுமே செய்யாமல் 70, 80இல் நிற்கிறதா, சின்ன வேலைக்கே எல்லையைத் தொடுகிறதா, போன வருடம் இதே வேலைக்கு 75 இருந்தது இப்போது 95 ஆகிவிட்டதா என்று பாருங்கள். கவலைப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். அறை பத்து டிகிரி ஏறினால் புராசஸரும் ஏறத்தாழ அந்தப் பத்து டிகிரி ஏறும். பல லேப்டாப்கள் 35 டிகிரி வரையிலான அறை வெப்பத்துக்கென்றே உருவாக்கப்பட்டவை. கோடையில் மட்டும் திணறும் கணினியில் கோளாறே இல்லாமலும் இருக்கலாம்.

வெப்பநிலையை எதில் பார்ப்பது?

விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் புராசஸரின் வெப்பநிலையைக் காட்டாது. தனி கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையை மட்டும், விண்டோஸ் 10இன் 2004 என்ற பதிப்பிலிருந்து காட்டுகிறது. புராசஸருக்கு ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப், லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றை அவரவர் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். லினக்ஸில் எல்எம் சென்சார்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பார்க்கும் எண் வேலைப் பளு இல்லாத நேரத்து எண், அதை வைத்து முடிவுக்கு வர முடியாது.

பார்க்கும்போது உச்ச எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், சூடு எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே அதிகம் உதவக்கூடிய சோதனை இதுதான். கனமான ஒரு வேலையைத் தொடங்குங்கள். பெரிய வீடியோ ஒன்றை மாற்றுவது, ஒரு விளையாட்டு, எதுவானாலும் சரி.

45இலிருந்து 95க்கு ஒரு சில வினாடிகளில் தாவினால், புராசஸரில் உண்டாகும் வெப்பம், அதை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட் சிங்கின் திருகோ பிடிப்போ தளர்ந்திருக்கலாம், நீர்க்குளிர்விப்பு உள்ள கணினியானால் பம்ப் நின்றிருக்கலாம். அப்படிப்பட்ட கணினியில் வேலையை நிறுத்தியதும் எண் அதே வேகத்தில் சரிந்து விழும்.

மாறாக, பத்துப் பதினைந்து நிமிடத்தில் படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டு, வேலையை நிறுத்திய பிறகும் இறங்க நேரம் எடுத்தால், வெப்பம் ஹீட் சிங்க் வரை ஒழுங்காகப் போகிறது, அங்கிருந்து வெளியே போக வழியில்லை. தூசி, அடைபட்ட துவாரம், சரியாகச் சுழலாத ஃபேன், வெப்பமான அறை ஆகியவை சந்தேகத்துக்குரியவை. புது மெல்லிய லேப்டாப்களில், அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் டர்போ வேகத்தால் முதல் சில வினாடி ஒரு தாவல் இருக்கத்தான் செய்யும், அதன் பிறகு எங்கே நிலைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசியை எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் தூசி எங்கே சேர்கிறது என்று தெரிய வேண்டும். வெளியே தெரியும் சல்லடைத் துவாரத்தைத் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். லேப்டாப்பில் அடைப்பு உண்டாகும் இடம் ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில். அங்கே தூசியும் நூலிழையும் முடியும் சேர்ந்து, கம்பளியைப் போர்த்தியது மாதிரி ஒரு படலமாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், ஆனால் வெளித்துவாரத்தில் கை வைத்தால் காற்றே வராது. இதுவே நல்ல அறிகுறி.

வெளியிலிருந்து காற்று அடித்தால் கொஞ்சம் பலன் இருக்கும், ஆனால் அந்தப் படலம் திரும்பவும் உள்ளேயே விழக்கூடும். பின்மூடியைத் திறக்க முடிந்தால் திறந்து செய்வது நல்லது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் அதன் நிபந்தனைகளைப் படித்துவிட்டுத் திறங்கள். கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியின் இணைப்பானைக் கழற்றிவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அது ஆபத்து. உடலில் இருக்கும் நிலைமின்சாரம் போக, வர்ணம் பூசாத ஓர் உலோகப் பரப்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபேன் இறக்கையை ஒரு விரலாலோ மரக்குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொண்டு காற்று அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றானால் டப்பாவை நிமிர்த்தியே வைத்து, விட்டு விட்டு அடியுங்கள், சாய்த்தால் திரவம் பீறிடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு அருகில் கொண்டு போகாதீர்கள், அதன் குழாயில் நிலைமின்சாரம் உண்டாகும். ஈரத்துணி கூடவே கூடாது.

டெஸ்க்டாப்பில் இது எளிது. பெட்டியின் பக்க மூடியைத் திறந்து, முன்பக்க வடிகட்டி, புராசஸர் ஹீட் சிங்க், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை துவாரம் எல்லாவற்றையும் ஊதுங்கள். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும். மூடுவதற்கு முன் ஃபேன்கள் காற்றைத் தள்ளும் திசையையும் பாருங்கள். முன்பக்கம் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும். யாரோ ஃபேனை மாற்றும்போது திருப்பிப் போட்டுவிட்ட பெட்டிகள் நினைப்பதைவிட அதிகம்.

தெர்மல் பேஸ்ட் எப்போது மாற்ற வேண்டும்?

காலக்கெடு வைத்து மாற்ற வேண்டியதில்லை. தூசி எடுத்த பிறகும், மேலே சொன்னபடி வினாடிகளில் சூடு தாவினால் மாற்றுங்கள். லேப்டாப்களில் மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்ந்துபோவது சாதாரணம்.

பழையதை 90 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, நூல் உதிராத துணியால் துடையுங்கள். புதியதை ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், சிறிய லேப்டாப் சில்லுக்கு அதிலும் குறைவு. பேஸ்டின் வேலை இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளில் காற்றை விரட்டிவிட்டு அங்கே தான் உட்காருவதுதான். கனமாகப் பூசினால் அதுவே தடையாகும். ஹீட் சிங்கில் திருகுகளுக்குப் பக்கத்தில் எண்கள் இருந்தால் அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். எண் இல்லை என்றால் எதிரெதிர் மூலையாக. ஒரு பக்கம் முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஹீட் சிங்க் சாய்ந்து உட்காரும்.

இரண்டு எச்சரிக்கைகள். நினைவகச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரித் தடிமனான தெர்மல் பேட் இருந்தால், அந்த இடத்தில் பேஸ்ட் பூசாதீர்கள், அதே தடிமனில் பேட்தான் வேண்டும். அடுத்தது, சில லேப்டாப்களில் தொழிற்சாலையிலேயே திரவ உலோகம் பயன்படுத்தியிருப்பார்கள். அது பாதரசம் போலப் பளபளக்கும், மின்சாரத்தைக் கடத்தும், அதிலுள்ள கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும். திறந்து பார்த்து அப்படி இருந்தால், அப்படியே மூடி, அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

ஃபேன் சத்தமாக இருப்பதே கோளாறா?

இல்லை. சீரான காற்றுச் சத்தம் என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. கரகர, டகடக என்ற சத்தம் வந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டுப் பார்ப்பதைவிட ஃபேனை மாற்றுவது நல்லது. சூடு இருந்தும் சத்தமே இல்லை என்றால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

கூலிங் பேட் வாங்கலாமா?

லேப்டாப்பின் அடியில் காற்று இழுக்கும் துவாரம் இருந்தால் சில டிகிரி குறையும். உள்ளே அடைப்பை வைத்துக்கொண்டு கூலிங் பேட் வாங்குவதில் பயன் இல்லை. பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே அந்தப் பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். படுக்கை, தலையணை, மடியில் போர்வை ஆகியவற்றின் மேல் வைத்து ஓட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அடித்துவாரம் முழுக்க மூடிக்கொள்ளும்.

எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே ஏன் சூடாகிறது?

நீங்கள் சும்மா இருக்கலாம், கணினி சும்மா இருக்காது. டாஸ்க் மேனேஜரில் புராசஸஸ் பகுதிக்குப் போய் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் எடுப்பது மேலே வரும். விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் மேலே நின்றால் அப்டேட் நடக்கிறது. ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள் என்றால் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் சோதனை செய்கிறது. சர்ச் இண்டெக்சர் என்றால் கோப்புகளை அட்டவணைப்படுத்துகிறது. மூன்றுமே தேவையான வேலைகள், முடிந்ததும் அடங்கிவிடும். பல நாள் அணைத்தே கிடந்த கணினியைத் திறந்த அன்று இவை எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். சார்ஜரைச் செருகி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், பாதியில் அணைத்தால் அடுத்த முறை மறுபடியும் தொடங்கும்.

பிரவுசர் மேலே நின்றால் அதற்குள்ளேயே தேட வேண்டும். குரோமில் ஷிப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தத் தாவல் (டேப்), எந்த நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எவ்வளவு தின்கிறது என்று பெயரோடு காட்டும். விளம்பர வீடியோ ஓடும் ஒரே ஒரு தாவலோ, எப்போதோ நிறுவி மறந்துபோன நீட்சியோ காரணமாக இருப்பது மிகவும் சகஜம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஃபேன் அடங்கி, மூடியதும் திரும்ப இரைந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் கணினியை மறைவாகப் பயன்படுத்தி கிரிப்டோ நாணயம் ஈட்டும் தீம்பொருள்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்திருப்பதைக் கண்டால் வேலையை நிறுத்திக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. அது விண்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே சோதிப்பதால் இப்படி ஒளிந்துகொள்ளும் ரகங்களைப் பிடிக்க உதவும். திருட்டு மென்பொருளோடும் கிராக் கோப்புகளோடும் இவை வருவது வழக்கம்.

மேக்கில் கெர்னல் டாஸ்க் என்ற பெயர் பெரும் சதவீதத்தைக் காட்டினால் அதை எதிரியாக நினைக்காதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்த, மற்ற புரோகிராம்களுக்குப் புராசஸர் கிடைக்காதபடி அதுவே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது சூட்டின் விளைவு.

டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுகிறது. சூடு இல்லை, ஆனால் எதைத் தொட்டாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்குக்குக் கீழே ஹெச்டிடி (சுழலும் ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து ஒரு சின்னத் துண்டை எடுக்க, சுமார் 15 மில்லி வினாடி ஆகிவிடும். அப்படியென்றால் வினாடிக்கு நூறு துண்டுகூட எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது அங்குமிங்கும் சிதறிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி வினாடி போதும். அதனால்தான் ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டவர்கள் புதுக் கணினி வாங்கியதுபோல் இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

வாங்குவதற்கு முன் இணைப்பைப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். பலகையில் எம்.2 துளை (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால், அது சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு இணைப்பு வகைகளில் எதை ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் திடீரென மெதுவானால் கதை வேறு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற மென்பொருளில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர், கரண்ட் பெண்டிங் செக்டர் ஆகியவை பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது. டக் டக் என்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். வேகத்தை மறந்துவிட்டு, முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுங்கள். டீஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), ஃபார்மட் எதையும் அந்த டிஸ்கில் முயலாதீர்கள்.

எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாகிறதா? நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். பத்து, இருபது சதவீத இடமாவது காலியாக இருக்கட்டும்.

ராம் எவ்வளவு வேண்டும்?

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று சொல்கிறார்கள். அதில் நிறுவ முடியும், நிம்மதியாக வேலை செய்ய முடியாது. பிரவுசர், அலுவலகக் கோப்புகள், வீடியோ அழைப்பு இவற்றுக்கு 8 ஜிபி ஓரளவு போதும், 16 இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை.

ராம் கூட்டினால் உங்களுக்குப் பலன் இருக்குமா என்பதை வாங்காமலே சொல்லிவிடலாம். வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பாருங்கள். 90 சதவீதத்தில் நின்று, டிஸ்கும் ஓயாமல் ஓடினால், இடம் போதாமல் டிஸ்கையே ராமாகப் பயன்படுத்துகிறது. அப்போது ராம் கூட்டினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். 60 சதவீதத்தில் நின்றால் ராமைக் கூட்டி எதுவும் மாறாது. சில மெல்லிய லேப்டாப்களில் ராம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது.

தினமும் ஷட் டவுன் செய்கிறேன். ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உட்கரு டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் அப் டைம் பாருங்கள். தினமும் அணைப்பவர்களுக்கும் அது வாரக்கணக்கில் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். விளங்காத மந்தம் எதற்கும் முதலில் ஒரு ரீஸ்டார்ட்.

வேகத்தைக் கூட்டும் கிளீனர், பூஸ்டர் மென்பொருள்கள்?

வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதால் வேகம் கூடாது, எதையாவது கெடுத்துவைக்கும். போதாக்குறைக்கு அந்த மென்பொருளே பின்னணியில் ஓடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாதவற்றை நீங்களே முடக்கலாம். எஸ்எஸ்டிக்கு டீஃபிராக் செய்யத் தேவையில்லை, அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் டிரிம் வேலையை விண்டோஸ் தானே பார்த்துக்கொள்கிறது.

சூடே இல்லை, டிஸ்கும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் எல்லாமே நத்தை வேகம்.

சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். வெப்பநிலை 45 அளவில் இருக்க, பயன்பாடு 100 காட்ட, வேகம் மட்டும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை என்றால், பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் செருகியிருக்கலாம். சார்ஜரை அடையாளம் காண முடியாமல் லேப்டாப் தன்னைக் கட்டிப்போட்டிருக்கலாம். பேட்டரி கெட்டிருக்கலாம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள், பிறகு அதே வாட் அளவுள்ள வேறு நல்ல சார்ஜரில் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல் புராசஸர் பவர் என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணில் நிகழ்வு பதிவாகியிருந்தால், புராசஸரின் வேகத்தை ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டுப்படுத்துகிறது என்று அர்த்தம்.

லேப்டாப்பின் டச் பேட் மேலே எழும்பி நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை.

இப்போதே அணைத்து, சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், திரும்பச் சார்ஜ் செய்து பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேருங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற எதையும் நிதானமாகச் செய்யலாம், இதைத் தள்ளிப்போட முடியாது.

மூடி வைத்துப் பைக்குள் போட்ட லேப்டாப், எடுக்கும்போது கொதிக்கிறது.

புதிய லேப்டாப்களில் ஸ்லீப் என்பது முழு உறக்கம் அல்ல. இடையிடையே விழித்து மின்னஞ்சல் பார்க்கும், அப்டேட் தேடும். பைக்குள் காற்றில்லாமல் சூடு தேங்கிவிடும். மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டு முழுக்க அணைவது) ஆகும்படி பவர் அமைப்பில் மாற்றிவிடுங்கள். விழிக்கச் சில வினாடி கூடும், அவ்வளவுதான்.

இப்போதைக்குச் சூட்டைக் குறைக்க ஏதாவது அமைப்பு உண்டா?

உண்டு. பல கணினிகளில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் புராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஓர் எண் 100 என இருக்கும். அதை 99 ஆக்கினால் டர்போ வேகம் நின்றுவிடும். பல லேப்டாப்களில் சூடு பத்து டிகிரிக்கும் மேல் குறையும். எழுத்து வேலை, இணையம் ஆகியவற்றில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சுத்தம் செய்யும்வரை தாக்குப்பிடிக்க நல்ல வழி. பயாஸ் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2018 ஜூலையில் வெளிவந்த மேக்புக் ப்ரோ அளவுக்கு மீறி வேகம் குறைந்தபோது, அதன் காரணம் ஃபர்ம்வேரில் விடுபட்ட ஒன்று என்று ஆப்பிளே சொல்லி, அதே மாதம் மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்தது.

விண்டோஸ் 10 பழைய கணினியை என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். தகுதியில்லாத கணினியில் வற்புறுத்தி நிறுவுவதைவிட, எஸ்எஸ்டி போட்டு, எளிய லினக்ஸ் ஒன்றை யுஎஸ்பியிலிருந்து முயன்று பார்க்கலாம். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு.

ஃபார்மட் செய்தால் சரியாகிவிடுமா?

தீம்பொருளோ, குப்பையாகக் குவிந்த மென்பொருளோ காரணமென்றால் சரியாகும். தூசியும், காய்ந்த பேஸ்ட்டும், சாகும் டிஸ்கும் ஃபார்மட்டால் போகாது.

பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"சூடாகிறது, ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, வேலையில் எத்தனை, அதைத் தொட எவ்வளவு நேரம், அப்போது வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று எழுதிக் கொடுங்கள். திடீரென அணைந்தால், எந்த வேலையின் நடுவில் அணைகிறது என்றும் எழுதுங்கள். கனமான வேலையில் மட்டும் அணைந்தால் சூடோ பவர் சப்ளையோ காரணமாக இருக்கலாம், சும்மா இருக்கும்போதும் அணைந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். கொடுப்பதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அதே கனமான வேலையை அங்கேயே பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.